விதையின் கதவைத் திறப்பது யார்?

"முளை விதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது" என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். மேடைப் பேச்சிலும் முளையின் வீரம் அடிக்கடி வரும். கையால் நசுக்கினால் நசுங்கிப்போகிற அந்த வெள்ளை முனை, பல்லால் கடிக்க முடியாத விதைக்குள்ளிருந்து எப்படி வெளியே வருகிறது? அத்தனை பலம் அதற்கு ஏது?

கேள்வி சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருக்கும். ஆனால் இதற்கு ஒழுங்கான பதில் கிடைக்க விஞ்ஞானத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். முளை தள்ளுவது உண்மைதான். ஆனால் பல விதைகளில் அது தள்ளுவதற்கு முன்பே கதவின் கீல்கள் உள்ளிருந்து தளர்த்தப்பட்டுவிடுகின்றன. தளர்த்துபவை நொதிகள். என்சைம் என்று பள்ளியில் படித்தோமே, அவைதான். இந்தப் பதில் எந்தெந்த ஊர்களில், யார் யாருடைய தேவைக்காகக் கிடைத்தது என்பது விதையைவிடச் சுவாரசியமான கதை. அதில் நம் வீட்டுக் கேழ்வரகுக்கும் ஓர் இடம் உண்டு.

விதைக்குள் இருப்பவை

விதைக்குள் மூன்று பகுதிகள் இருக்கின்றன. ஒன்று கரு, அதாவது குட்டிச் செடி. அதன் முனையில் முளைவேர். இரண்டாவது கட்டுச்சோறு. நெல், கோதுமை, கேழ்வரகு போன்ற தானியங்களில் இது கருவுக்கு வெளியே தனிச் சதையாக இருக்கும். பாடப் புத்தகத்தில் முளைசூழ்தசை என்பார்கள். பச்சைப்பயறு, கொண்டைக்கடலையில் இந்தச் சதை தனியாகக் கிடையாது. நாம் 'பருப்பு' என்று உடைத்துச் சாப்பிடும் இரண்டு பாதிகளும் கருவின் இலைகளே. உணவு அவற்றுக்குள் இருக்கிறது. மூன்றாவது மேல்தோல்.

தக்காளி, மிளகாய், காபி போன்ற விதைகளில் ஒரு விசேஷம் உண்டு. சதை கருவைச் சுற்றி நிற்கிறது. முளைவேரின் முனைக்கு நேர் எதிரே அந்தச் சதை ஒரு தொப்பிபோல மூடியிருக்கிறது. அங்கே அதுதான் கட்டுச்சோறு, அதுதான் கதவும்.

சர்க்கரைத் தட்டுப்பாட்டில் தொடங்கிய ஆராய்ச்சி

நெப்போலியன் போர்களால் ஐரோப்பாவில் சர்க்கரை அரிதாகி விலை ஏறியிருந்த காலம். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் கிர்ச்சாஃப் என்ற வேதியியலர் 1811-இல் மாவுச்சத்தை நீர்த்த கந்தக அமிலத்தோடு காய்ச்சிச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். சில ஆண்டுகளில் இன்னொன்றும் கண்டார். அமிலமே வேண்டாம், முளைத்த தானியத்தில் இருக்கும் ஏதோ ஒரு பொருளே மாவைச் சர்க்கரையாக்கிவிடுகிறது. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று அவரால் சொல்ல முடியவில்லை.

1833-இல் பாரிஸில் பாயன், பெர்சோ என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். வழி எளிது. முளைகட்டிய பார்லியை இடித்துத் தண்ணீரில் கலக்கி வடிகட்டினார்கள். தெளிந்த நீரில் சாராயத்தை ஊற்றினார்கள். வெள்ளைப் பொருள் ஒன்று அடியில் படிந்தது. தன் எடையைப்போல இரண்டாயிரம் மடங்கு மாவுச்சத்தை இது இளக்கும் என்று அறிவித்தார்கள். அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். பிரித்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மாவுத் துகளின் உறையிலிருந்து உள்ளிருப்பதை அது பிரித்துவிடுகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த விளக்கம் பின்னால் நிற்கவில்லை, பெயர் நின்றுவிட்டது. இன்று அமைலேஸ், புரோட்டியேஸ் என்று நொதிப் பெயர்களெல்லாம் 'ஏஸ்' என்று முடிவது அந்த டயஸ்டேஸின் வால்தான்.

என்சைம் என்ற சொல் 1870-களில் ஜெர்மானியரான கூனே உண்டாக்கியது. அது ஒரு புரதம் என்று முதலில் காட்டியதும் விதையை வைத்தே. 1926-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர், நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஓர் அவரை விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக எடுத்தார். நம்பாதவர்கள் பலர். இருபது ஆண்டு கழித்து, 1946-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மதுபான ஆலையின் ஆய்வுக்கூடம்

அடுத்த பெரிய அடி இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில். பீருக்குப் பெயர்போன ஊர். அங்கே ஆலையில் வேலை பார்த்த ஹொரேஸ் பிரவுன், மாரிஸ் என்பவரோடு சேர்ந்து 1890-இல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். முளைக்கும் பார்லியை மெல்லிய சீவல்களாகச் சீவி உருப்பெருக்கியில் பார்த்தபோது தெரிந்த செய்தி இது: மாவுத் துகள் கரைவதற்கு முன்பே, அது அடைபட்டிருக்கும் செல்லின் சுவர் கரைகிறது. சுவரைக் கரைப்பதற்கென்று ஒரு தனி நொதி இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். விதையின் திசு எப்படி வலுவிழக்கிறது என்பதைத் தெளிவாகத் தொட்ட முதல் ஆய்வுகளில் இது ஒன்று எனலாம்.

ஆலைத் தொழிலாளிக்கு இது கை அனுபவமாகத் தெரிந்த விஷயம். சரியாக முளைத்துக் காய்ந்த பார்லியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் சுண்ணாம்புபோலப் பொடியும். முளைப்புப் போதாத தானியம் கல்லுபோல விரலை உறுத்தும். பொடிவதற்குக் காரணம் மாவு குறைந்தது அல்ல, சுவர் இடிந்தது என்பதைத்தான் பிரவுனும் மாரிஸும் காட்டினார்கள்.

இந்த நொதிகளைச் சுரப்பது யார் என்பதில் அப்போது சண்டை. கருவின் ஓரத்தில் சதையை ஒட்டியிருக்கும் படலமே சுரக்கிறது என்றார்கள் இவர்கள். அதே 1890-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஹாபர்லாண்ட் ரை தானியத்தை ஆராய்ந்து, இல்லை, தவிட்டுக்கு உட்புறம் சதையைச் சுற்றியுள்ள அலூரோன் என்ற உயிருள்ள அடுக்குதான் சுரக்கிறது என்றார். இரண்டிலும் உண்மை உண்டு என்றாலும், பெரும்பங்கு அலூரோனுடையது என்பது பின்னால் தெளிவாயிற்று.

பைத்தியம் பிடித்த நாற்று

அலூரோனுக்குக் கட்டளை இடுவது யார்? அதற்கான விடை பார்லியில் கிடைக்கவில்லை. நெல் வயலில் கிடைத்தது. ஜப்பானில் நெல்லுக்கு ஒரு நோய் உண்டு. நாற்று தாறுமாறாக உயர்ந்து, வெளிறி, கதிர் பிடிக்காமலே சாய்ந்துபோகும். உழவர்கள் அதை 'அசட்டு நாற்று' என்ற பொருளில் பகானே என்றார்கள். 1926-இல் குரோசாவா என்பவர், நோயை உண்டாக்கும் பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டித் தெளித்தாலே போதும், நாற்று அப்படி வளரும் என்று காட்டினார். 1930-களில் யபுட்டா அந்தப் பொருளுக்கு ஜிப்பரெலின் என்று பெயரிட்டார். 1938-இல் அவரும் சுமிகியும் படிகமாகவும் எடுத்தார்கள். பூஞ்சை மட்டுமல்ல, செடிகளும் இதைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன என்பது 1950-களில் தெரிந்தது.

1960-இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பாலெக்கும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டார்கள். பார்லியைக் குறுக்கே வெட்டிக் கருவுள்ள பாதியை எறிந்துவிட்டால், மீதிப் பாதி எத்தனை நாள் ஊறினாலும் பெரிதாக இளகாது. அதில் ஜிப்பரெலின் சேர்த்தால் மாவு கரைந்து சர்க்கரை வருகிறது. ஆக, கரு தண்ணீர் குடித்து விழித்ததும் ஜிப்பரெலினை அனுப்புகிறது. அலூரோன் அதைப் பெற்று நொதிகளைச் சுரக்கிறது. 1967-இல் அமெரிக்காவில் ஃபில்னரும் வார்னரும் இன்னும் ஒரு படி போனார்கள். கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீரில் விதைப் பாதிகளை ஊறவைத்தார்கள். கிடைத்த அமைலேஸ் கனத்திருந்தது. அதாவது ஏற்கெனவே பூட்டி வைத்ததை எடுத்து நீட்டவில்லை. ஊறிய பிறகு புதிதாகவே செய்கிறது.

உக்கிராணமும் வாசலும்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1811 முதல் 1967 வரை நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி உக்கிராணத்தைப் பற்றியது. கட்டுச்சோறு எப்படிக் கரைகிறது என்பதே கேள்வி. சர்க்கரை, சாராயம், பீர் வியாபாரிகளுக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் தானியத்தில் மாவு பெரும்பாலும் கரைவது முளைவேர் வெளியே வந்த பிறகு! வந்துவிட்ட பிறகு நடப்பதை வைத்து, வந்தது எப்படி என்று சொல்ல முடியாது. வாசற்கதவைப் பற்றி நேராகக் கேட்டவர்கள் குறைவு.

அப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர்கள் இக்குமா, திமான் இருவரும். அவர்கள் எடுத்துக்கொண்டது லெட்டூஸ் கீரை விதை. முளைவேர் மூடியை ஊடுருவ உதவும் ஒரு நொதி உண்டாவதே முளைப்பின் கடைசிப் படியாக இருக்கலாம் என்று 1963-இல் எழுதினார்கள். அப்போது அது ஓர் ஊகம்தான். அளந்து காட்ட வேண்டியிருந்தது.

அளந்தது மிளகாயில். 1983-இல் அமெரிக்காவில் வாட்கின்ஸும் கேன்ட்லிஃபும் ஊறிய மிளகாய் விதையின் மூடியை நுண்ணிய ஊசிமுனையால் குத்தி, துளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்தார்கள். முளைவேர் வெளிவருவதற்கு முன்பே அந்த விசை குறைந்திருந்தது.

1987-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் க்ரூட், கார்சன் இருவரும் தக்காளியில் இதை உறுதிசெய்தார்கள். ஜிப்பரெலினைத் தானே செய்துகொள்ள முடியாத ஒரு தக்காளி வகை அவர்களிடம் இருந்தது. அதன் விதை வெறும் தண்ணீரில் முளைக்காது. ஆனால் முளைவேருக்கு எதிரே உள்ள மூடியை மட்டும் கத்தியால் சீவி எடுத்துவிட்டால் வெறும் தண்ணீரிலேயே வேர் வந்துவிட்டது. கருவுக்குப் பலம் இல்லாமல் இல்லை, கதவுதான் திறக்கவில்லை! மூடியை வெட்டாமல் ஜிப்பரெலின் கொடுத்தாலும் மூடி தானாகத் தளர்ந்தது. தக்காளிச் சதையின் செல்சுவரில் மிகுந்திருப்பது மானன் என்ற சர்க்கரைச் சங்கிலி. அதை வெட்டும் மானனேஸ் நொதியின் வேலை இது என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின.

இதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. மானனேஸ் இருந்தும் முளைக்காத தக்காளி விதைகள் உண்டு என்று பிறகு தெரிந்தது. ஒரு சாவி போதாது. 1995-இல் புகையிலை விதையில் குளுக்கனேஸ் என்ற வேறு நொதியைக் கண்டார்கள். 2000-இல் கலிபோர்னியாவில் தக்காளி மூடியில் எக்ஸ்பான்சின் என்ற புரதம் கிடைத்தது. அது சங்கிலியை வெட்டுவதில்லை, இழைகளை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவிட்டு நெகிழ்த்துகிறது. 2009-இல் ஆளிவிதையின் சாயலுள்ள கிரெஸ் விதையில், நொதி அல்லாத ஹைட்ராக்சில் என்ற வேகமான வேதித் துணுக்குகளும் சுவரை அரிப்பதாகக் காட்டினார்கள். எதிர்ப்பக்கம் அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன், காலம் வரவில்லை என்று கதவைப் பிடித்து நிறுத்துகிறது. தள்ளுகிற கை ஒன்று, தளர்த்துகிற கைகள் பல, தடுக்கிற கை ஒன்று. இவற்றின் கணக்கு சரியாகும்போது முளை வருகிறது.

காபியும் வெந்தயமும் பனங்கொட்டையும்

மானன் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். பொருள் நமக்குப் பழசு. காபிக்கொட்டை அவ்வளவு கெட்டியாக இருப்பதற்கு அதன் செல்சுவரில் தடித்துப் படிந்த மானன் ஒரு முக்கியக் காரணம். காபி விதையிலும் முளைவேருக்கு எதிரே உள்ள மூடி நொதிகளால் தளர்ந்த பின்பே வேர் வருகிறது என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வெந்தயத்தை ஊறப்போட்டால் வழவழவென்று வருகிறதே, அது மானனின் தம்பியான கேலக்டோமானன். வெந்தயத்தில் சதையின் வெளியோர உயிரடுக்கு நொதிகளைச் சுரந்து இந்த வழவழப்பைக் கரைக்கிறது என்பதை 1972-இல் ரீட், மையர் இருவரும் விளக்கினார்கள். முளைகட்டிய வெந்தயத்தில் வழவழப்புக் குறைவதன் காரணம் இதுதான்.

பனங்கொட்டை இன்னும் நல்ல சாட்சி. இளசாக இருக்கும்போது நுங்கு. முற்றினால் அதே சதை கல். கிழங்குக்காகக் கொட்டையை மண்ணில் புதைத்து, சில மாதங்கள் கழித்து எடுத்து வெட்டினால் உள்ளே பஞ்சுபோல இனிப்பாக ஒன்று இருக்கும். தென்மாவட்டங்களில் தவுன் என்போம், யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். அது கருவின் இலையே உப்பி வளர்ந்து, கல்போன்ற சதையைக் கரைத்து உறிஞ்சும் உறுப்பு. இப்போது ஊர் ஊராக வண்டியில் விற்கும் தேங்காய்ப்பூவும் அதே ஜாதிதான். பொங்கலுக்குப் பனங்கிழங்கு வாங்கித் தின்றவர்கள் எல்லாரும் இந்த ஆய்வுக்கூடத்தைப் பார்த்தவர்களே.

தொட்டிலுக்கு வந்த மால்ட்

இனி நம் கேழ்வரகு. கன்னடத்தில் ராகி, மராத்தியில் நாச்சணி, உத்தராகண்டில் மண்டுவா. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துத் திரித்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவது தென்னாட்டு வீடுகளில் நெடுநாள் வழக்கம். "சீக்கிரம் ஜீரணமாகும்" என்பார்கள் பாட்டிமார். அந்தக் கஞ்சியில் இன்னொரு பெரிய நன்மையும் ஒளிந்திருக்கிறது.

குழந்தையின் வயிறு சின்னது. முளைகட்டாத மாவைக் கெட்டியாகக் காய்ச்சினால் பசைபோலாகிவிடும். பிள்ளையால் விழுங்க முடியாது. விழுங்கும்படி இளக்கத் தண்ணீர் விட்டால், வயிறு நிறையும், சத்து நிறையாது. ஏழை வீட்டுக் குழந்தைகள் கஞ்சி குடித்தும் மெலிவதற்கு இது ஒரு காரணம் என்று ஊட்டச்சத்து அறிஞர்கள் கவலைப்பட்டார்கள். முளைத்த தானிய மாவில் இருக்கும் அமைலேஸ், காய்ச்சும்போதே மாவுச்சத்தின் சங்கிலிகளை வெட்டிவிடுகிறது. தண்ணீரைக் கூட்டாமலே கஞ்சி இளகுகிறது. ஒரே கரண்டியில் கூடுதல் உணவு.

மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷி, தேசிகாச்சார் இருவரும் இதை முறையாக அளந்து, முளைகட்டிய கேழ்வரகும் பச்சைப்பயறும் சேர்ந்த குழந்தை உணவு ஒன்றை 1982-இல் எழுதி வெளியிட்டார்கள். பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர், கெட்டியான அரிசிக் கஞ்சியில் முளைதானிய மாவைச் சிறிதளவு கலந்தாலே அது இளகிவிடுவதை 1980-களில் காட்டினார்கள். பாயனும் பெர்சோவும் டயஸ்டேஸைப் பிரித்தது 1833. பீப்பாய்க்குள் போன அறிவு தொட்டிலுக்கு ஆய்வுக் கட்டுரையாக வந்துசேர ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள்! விஞ்ஞானத்தில் பதில் கிடைப்பது திறமையால் மட்டுமல்ல. யார் வீட்டுத் தேவையிலிருந்து கேள்வி பிறக்கிறது என்பதையும் பொறுத்தது.

வெளியூரில் கடைமாவை நம்பியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இங்கே ஒரு நடைமுறைச் செய்தியும் உண்டு. நொதி புரதம், அதிகச் சூட்டில் செத்துவிடும். முளைகட்டிய தானியத்தை வெயிலில் காயவைத்து, வேர்களைத் தேய்த்து உதிர்த்து, இளஞ்சூட்டில் வறுத்தால் நொதி தங்கும். கருக வறுத்தால் வாசனை மட்டும் மிஞ்சும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினாலும் அது வேலை செய்யுமுன் அழியும். பச்சைத் தண்ணீரில் கரைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றிக் கிளறி, இளகிய பிறகு நன்றாகக் கொதிக்கவிடுவதே சரி. ஊறும் நீரை மாற்றுவதும், பூசணம் கண்டதை எறிந்துவிடுவதும் அவசியம். 'ராகி மால்ட்' என்ற பெயரில் முளைகட்டாத மாவே விற்கப்படுவதும் உண்டு. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

எதற்குப் பெருமைப்படலாம்?

நம் சங்க விழாக்களில் இரண்டு குரல்கள் கேட்கும். எல்லாம் நம் முன்னோருக்கு அன்றே தெரியும் என்பது ஒன்று. பாட்டி வைத்தியம் எல்லாம் சும்மா என்பது மற்றொன்று. முளைப்பின் வரலாறு இரண்டுக்கும் இடம் தரவில்லை. நம் பாட்டிமாருக்கு நொதி தெரியாது, அலூரோன் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ரஷ்யா, பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான், ஹாலந்து என்று எத்தனையோ பேர் ஊசியும் கத்தியுமாக உட்கார வேண்டியிருந்தது. ஆனால் எத்தனை நாள் முளைகட்ட வேண்டும், எவ்வளவு காய வேண்டும், எவ்வளவு வறுக்க வேண்டும் என்ற செய்முறை அவர்கள் கையில் இருந்தது. குழந்தைக்கு ஊட்டியும் வந்தார்கள். மைசூரிலும் பரோடாவிலும் செய்ததுதான் நேர்மையான வழி. வீட்டு வழக்கத்தைத் தூக்கி எறியவில்லை, கும்பிட்டு நிறுத்தவும் இல்லை, அளந்து பார்த்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தக் கோடை விடுமுறையில் ஒரு கைப்பிடி கேழ்வரகை அவர்களையே முளைகட்டச் சொல்லுங்கள். முளைகட்டாத மாவில் ஒரு கிண்ணம், முளைகட்டிய மாவில் ஒரு கிண்ணம், இரண்டுக்கும் ஒரே அளவு மாவும் தண்ணீரும் வைத்துக் கஞ்சி காய்ச்சச் சொல்லுங்கள். எந்தக் கிண்ணத்தில் கரண்டி நிற்கிறது, எதில் சாய்கிறது என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.